மாசிக் கம்பு போடுமுன் கிணற்றை அளந்துவிடுங்கள்

வேடசந்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் காடு, ஒரு கிணறு, ஒரு 5 எச்பி மோட்டார். கோடையில் கம்பு போடலாமா என்று யாராவது கேட்டால், "கிணற்றில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது?" என்றுதான் முதலில் கேட்பேன். விதை, உரமெல்லாம் அப்புறம்.

2024இல் நானே அதைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டேன். மாசியில் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. உழவுக்கு ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போய், பங்குனி பிறந்த பிறகு மூன்று ஏக்கரிலும் விதைத்தேன். பூக்கிற நேரம் அக்னி நட்சத்திரத்தில் வந்து நின்றது. அந்த வருட வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். கிணறு ஒரு மணி நேரத்தில் அடிமண்ணைக் காட்டிவிட்டது. கதிர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையில் உருவினால் பாதி பொக்கு. பூக்கும்போது வெயில் 42 டிகிரியைத் தாண்டினால் கம்பில் மணி பிடிப்பது குறைந்துவிடும். தண்ணீரும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் இப்போது கணக்குப் போடாமல் விதைப் பையைத் தொடுவதில்லை. 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். எங்களுக்கு 40 விநாடி. மணிக்கு 18,000 லிட்டர் வருகிறது. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும், அதாவது 11 மணி நேரம் ஓட வேண்டும். மாசியில் எங்கள் கிணறு தினம் இரண்டரை மணி நேரம் தாங்கும், நாலரை நாளில் ஒரு ஏக்கர் பாய்ந்துவிடும். பங்குனி கடைசியில் ஒன்றரை மணி நேரம்தான், அதே ஏக்கருக்கு ஏழரை நாள் ஆகும். கம்பு பூக்கும்போது எட்டு நாளைக்கு ஒரு தண்ணீராவது கிடைக்க வேண்டும். ஆக, எனக்கு ஒரே ஏக்கர். மீதி இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கும். "காட்டைத் தரிசாப் போட்டுட்டியே" என்று எங்கள் வீட்டுக்காரர் இன்னமும் முனகுகிறார். முனகட்டும்.

இன்றைய தண்ணீரை நம்பாமல், பூக்கிற வாரத்தில் கிணறு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து விதைப்பதுதான் விஷயம். கிணற்றுப் படியில் மாதாமாதம் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தால் இரண்டு வருடத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

ரகத்தில் எனக்குப் பிடித்தது தனசக்தி, 75 நாளில் வந்துவிடும். கோ 10 நன்றாக விளையும், ஆனால் 85 முதல் 90 நாள் கேட்கும். கோடையில் பத்து நாள் என்பது ஒரு தண்ணீருக்கு மேல். கேழ்வரகு இன்னும் நீண்ட பயிர், நாற்று விட்டு நடவும் வேண்டும். தண்ணீர் இழுபறியாக இருக்கிற காட்டில் நான் அதைத் தொடமாட்டேன்.

ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். சோடையும் தேனொழுகல் நோய் பிடித்ததும் மேலே மிதக்கும், வடித்து எறிந்துவிடலாம். அடியில் நிற்கும் விதையை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு லிட்டருக்கு 20 கிராம் பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் 5 மணி நேரம் உலர்த்தி விதைக்கிறேன். சாயங்காலம் ஊறப்போட்டால் மறுநாள் காலை எடுக்கச் சரியாக இருக்கும். இப்படிச் செய்த விதை வறட்சிக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மாசி முதல் வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு பார் (மண்ணை அணைத்த மேடு), பாரின் பக்கவாட்டில் அரை அடிக்கு ஒரு பயிர். விதைத்தவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இரண்டு வாரத்தில் ஈரம் இருக்கும்போதே நெருக்கமாக நிற்கும் பயிரைக் கலைத்து, பிடுங்கிய நாற்றை முளைக்காமல் விட்டுப்போன இடத்தில் நட்டுவிடலாம். முதல் 30 நாள் குருத்து ஈ வரும். ஏக்கருக்கு ஐந்து கருவாட்டுப் பொறி வைக்கிறேன். பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

கொஞ்சம் வளர்ந்ததும், பார்களுக்கு நடுவே இருக்கும் பள்ளமான சாலில், ஒரு சால் விட்டு ஒரு சாலில்தான் பாய்ச்சுவேன். அடுத்த முறை விட்ட சாலில். தண்ணீர் நன்றாக மிச்சமாகும், வேரும் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். மண்வாய்க்காலில் கொண்டுபோனால் கடைசிப் பாத்திக்குப் போகும்போது பாதி காணாமல் போயிருக்கும், ஹோஸ் வாங்கிவிடுங்கள். களை வெட்டும்போது மேல்மண்ணைப் பொடியாகக் கிளறிவிட்டால் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது.

எப்போது பாய்ச்சுவது? மத்தியானம் இலை சுருண்டால் பயப்பட வேண்டாம், வெயிலுக்கு அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பனி விழுந்த பிறகும் இலை குழல் போலச் சுருண்டே நின்றால் அன்றைக்கே தண்ணீர் விட வேண்டும். அந்த நிலையில் யூரியா போடாதீர்கள், காசும் போய் பயிரும் காயும். பாதித் தழைச்சத்தை அடியுரமாகவும் மீதியை 15ஆம் நாள், 30ஆம் நாள் தண்ணீர் பாயும் சமயத்திலும் கொடுங்கள்.

தூர் கட்டும்போது ஒரு தண்ணீர் தள்ளிப்போனாலும் கம்பு சமாளித்துவிடும். பூக்கும்போது அது முடியாது. கதிரின் நுனியில் வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்து, கீழே இறங்கிக்கொண்டே வரும், அதுதான் சூல்முடி. மகரந்தம் அதன் பிறகுதான் வரும். முதல் பஞ்சைப் பார்த்தவுடன் மாட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு மற்ற எல்லாத் தண்ணீரையும் கம்புக்கே திருப்பிவிடுவேன். அதற்கு முன்பே பயிர் வாடத் தொடங்கினால் பிபிஎஃப்எம் என்ற நுண்ணுயிர்த் திரவம் ஏக்கருக்கு 200 மில்லி, சாயங்காலமாகத் தெளிக்கலாம். பூச்சிமருந்தோடு கலக்கக் கூடாது. அது வாட்டத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், தண்ணீருக்குப் பதிலாகாது.

பால் பிடித்ததும் குருவியும் கிளியும் வரும். சுற்றுவட்டாரத்தில் பச்சையாக நிற்பது நம் காடு ஒன்றுதான், வராமல் என்ன செய்யும். ஒளிர் நாடா இரண்டு நாளைக்குப் பயமுறுத்தும், அப்புறம் அதன் மேலேயே உட்காரும். பள்ளி விடுமுறையில் இருக்கும் பேரனிடம் தகரத் தட்டைக் கொடுத்துவிட்டேன்.

அப்படியும் கிணறு கைவிட்டு, பூவே காய்ந்துபோனால் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். வாடிய இளஞ்சோளத்தை மாடு தின்றால் உயிருக்கே ஆபத்து, கம்பில் அந்த விஷம் கிடையாது. கோடையில் சோளத்தை விட்டு நான் கம்புக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.