சப்ளை அறுந்தால் யாரைக் கூப்பிடுவது? பல தொழில் குழு நடத்தும் முறை

அம்பத்தூர் எஸ்டேட்டில் 24 வருஷம் பர்ச்சேஸ் பார்த்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஷெட்டுக்குள் தண்ணீர் வரவே இல்லை. ஆனாலும் ஒன்பது நாள் உற்பத்தி லைன் நின்றது. ஈக்காட்டுத்தாங்கலில் எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்த பட்டறைக்குள் அடையாறு புகுந்துவிட்டது. பிரஸ் மெஷினில் மாட்டித் தகட்டை உருவாக்கும் எங்கள் அச்சுகள், அதாவது டை எல்லாம் சேற்றுக்குள் கிடந்தன. அந்தப் பட்டறையில் இருந்த அதே அழுத்தத் திறனில் ஒரு பிரஸ் எங்களுக்குப் பின்தெருவில், பம்ப் தயாரிக்கிறவர் ஒருவரிடம் அந்த வாரம் முழுக்கச் சும்மா இருந்தது. எனக்கு அது தெரிந்ததே மூன்று மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில். சேற்றிலிருந்து ஒரு டையை மீட்டுக் கழுவி அவரிடம் கொண்டுபோயிருந்தால் மூன்றாம் நாளே உற்பத்தி தொடங்கியிருக்கும்.

அன்றைக்குத்தான் பல தொழில்காரர்கள் சேர்ந்த ஒரு குழு வேண்டும் என்று முடிவு செய்தேன். பல வருஷம் நடத்திப் பார்த்ததில் எது வேலை செய்கிறதோ அதை எழுதுகிறேன்.

முதலில் ஆள். பத்திலிருந்து பதினான்கு பேர் போதும். ஒரே பொருளை விற்கிற இரண்டு பேரை ஆரம்பத்தில் சேர்க்காதீர்கள். வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் கார் உதிரிபாகம், மருந்து, பம்ப், காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுமதி, பேக்கரி, ஒரு ஆஸ்பத்திரி, ஃபேப்ரிகேஷன் பட்டறை, லாரி புக்கிங் ஆபீஸ், ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் எல்லாம் உண்டு. முதலாளியைக் கூப்பிடாதீர்கள். சரக்கு வரவில்லை என்றால் ராத்திரி 2 மணிக்கு யாருடைய போன் அடிக்குமோ அவரைக் கூப்பிடுங்கள். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் மாதிரி ஆட்கள். முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும், செலவுக்குச் சம்மதம் சொல்ல.

மாதம் ஒருமுறை, காலை 8 மணி, டிபனோடு. பத்து மணிக்கு அவரவர் கம்பெனி கேட்டுக்குள் இருக்க வேண்டும். சாயங்காலம் வைத்தால் பாடி மேம்பாலம் தாண்டி யாரும் வர மாட்டார்கள்.

விலை பேசக் கூடாது. இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்கிறேன். 2002 போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலையைக் கூடிப் பேசி வைப்பதையும், சந்தையைப் பங்கு போடுவதையும், டெண்டரில் கைகோப்பதையும் தடுக்கிறது. நாமெல்லாம் வேற வேற தொழில்தானே என்று ஒருவர் கேட்டார். 2023 திருத்தத்துக்குப் பிறகு, அதே தொழிலில் இல்லாதவரும் அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குத் துணை போனால் மாட்டிக்கொள்வார். அதனால் யாராவது ரேட் என்று வாயெடுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தி, நிறுத்தினோம் என்பதையும் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். எந்த வெண்டருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது அந்த அறைக்குள் வரவே கூடாது.

முதல் மூன்று கூட்டத்துக்கு வேறு எதுவும் வேண்டாம், ஒரு மேப் போதும். கடையில் விற்கிற சென்னை மேப்பைத் தெர்மகோல் பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் குண்டூசி. தன் சரக்கு வரும் இடம், தங்கும் இடம், போகும் வழி மூன்றிலும் குத்தச் சொல்லுங்கள். எங்கள் மேப்பில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒன்பது குண்டூசி ஒரே புள்ளியில் நெருக்கியடித்து நின்றன. பேப்பரே அங்கே கிழிந்துவிட்டது. பார்த்தால் அது ஒரு ஏரிக்கரையோரம் இருந்த அட்டைப்பெட்டி ஆலை. மாத்திரையும், பன்னும், பம்பும், இறாலும் ஒரே ஆலையின் பெட்டிக்குள்தான் போய்க்கொண்டிருந்தன. அதுவரைக்கும் எங்களில் ஒருவருக்கும் பெட்டி ஒரு ஆபத்தாகத் தோன்றியதே இல்லை. பேக்கரிக்காரத் தம்பி, "மேடம், இவர் படுத்தா நாம அத்தனை பேரும் படுத்துடுவோமே" என்றார். அடுத்த மாதமே நான்கு பேர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்னொரு ஆலையில் சாம்பிள் போட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரைத் தேர்ந்து நான்கு கேள்வி. எது நின்றால் நீங்கள் நிற்பீர்கள்? கையில் எத்தனை நாள் ஸ்டாக்? மாற்று யார்? அந்த மாற்றுக்காரர் எங்கிருந்து வாங்குகிறார்? நான்காவதில்தான் பலர் திணறுவார்கள். 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கத்தில் உலகக் கார் கம்பெனிகள் திணறியதும் அங்கேதான். பெயிண்டில் மினுமினுப்புத் தரும் ஒரு நிறமி ஒனஹாமாவில் ஒரே ஆலையில் மட்டும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த ஆலை நின்றதும் அமெரிக்காவில் சில நிறங்களில் கார் ஆர்டர் எடுப்பதையே குறைத்தார்கள். பெயிண்ட் கம்பெனி எத்தனை இருந்து என்ன, நிறமி ஒரு இடம்தான். உங்கள் இரண்டு வெண்டருக்கும் ஒரே தாய்வீடு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தொழில் கலந்து உட்கார்வதன் பலனை 2021இல் பார்த்தேன். ஏப்ரல் 22 முதல், சில தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு ஆக்சிஜன் தருவதை மத்திய அரசு நிறுத்தியது. எங்கள் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஆக்சிஜனை வைத்து இரும்பு வெட்டும் கேஸ் கட்டிங் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரி பர்ச்சேஸ் அம்மா ஏப்ரல் முதல் வாரக் கூட்டத்திலேயே, "எங்க சிலிண்டர் திரும்பி வர லேட்டாகுது, நீங்களும் அதே ஃபில்லிங் பிளான்ட்தானே?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு கேள்வியால் பட்டறைக்காரர் இரண்டு வாரம் முன்பே, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் வெட்டும் பிளாஸ்மா கட்டிங் செய்யும் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். ஆர்டர் தப்பியது. அவருடைய ஆட்களுக்கு அந்த மாதச் சம்பளமும் தப்பியது. வெல்டர் ஒருவருடைய வீட்டில் அந்தச் சம்பளம் மட்டும்தான் வருமானம் என்று எனக்குத் தெரியும்.

நடந்த தவற்றைச் சொல்ல வைப்பதுதான் கஷ்டம். ஒருவர் தன் கம்பெனியில் ஸ்டாக் கணக்கு தப்பாகி லோடு திரும்பி வந்த கதையைச் சொன்னார். மறுவாரம் அது அவருடைய கஸ்டமர் காதுக்குப் போய்விட்டது. அவர் பிறகு வரவே இல்லை. எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பின் ஒரு வழக்கம் வைத்தோம்: மினிட்ஸில் கம்பெனிப் பெயர் கிடையாது, போன்கள் வாசலில் ஒரு தட்டில் இருக்கும், முதல் கதையை நடத்துகிறவரே சொல்ல வேண்டும். நான் ஈக்காட்டுத்தாங்கல் டை கதையைத்தான் சொல்வேன்.

மினிட்ஸ் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. யார், என்ன, எந்தத் தேதிக்குள். சந்தா வேண்டாம், டிபன் செலவை முறை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதனால் செப்டம்பரில் ஒரு ஒத்திகை. முன்னறிவிப்பு இல்லாமல் காலை 5 மணிக்கு ஒருவர் இருவருக்குப் போன் செய்ய, அவர்கள் தலைக்கு இருவருக்கு என்று போக வேண்டும். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: கேட்டுக்கு லாரி வருமா, ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை மணி நேரம், பிறருக்குக் கொடுக்க இடமோ மெஷினோ உண்டா. முதல் ஒத்திகையில் பதினான்கு நம்பரில் ஐந்து எடுக்கவில்லை. இரண்டு பேர் வேலையே மாறியிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லா நம்பரும் அடித்தன. மூன்றாம் தேதி ராத்திரியே மருந்துக் கம்பெனியின் குளிர்ப்பெட்டிகள் மீன்காரருடைய கோல்டு ஸ்டோரேஜில் தனி அறைக்குள் ஏறிவிட்டன, வெப்பநிலையைப் பதியும் டெம்பரேச்சர் லாகரோடு. நம்பர் பட்டியலை இப்போது ஆகஸ்டில் ஒருமுறை, அக்டோபர் முதல் வாரம் ஒருமுறை நானே உட்கார்ந்து போன் போட்டுச் சரிபார்க்கிறேன்.