அடுத்த பக்கத்துக்கு ஐடியை மட்டும் அனுப்புங்கள்

பட்டியலில் ஒரு வரியைத் தொட்டால் அதன் விவரப் பக்கம் திறக்க வேண்டும். எந்த வரி என்று அந்தப் பக்கத்துக்கு எப்படிச் சொல்வது? ஆண்ட்ராய்டில் நான் செய்த முதல் ஆப்பில், வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட்டை (அவருடைய எல்லா விவரமும் சேர்ந்த தொகுப்பு) அப்படியே இன்டென்ட்டில் (அடுத்த பக்கத்தைத் திறக்கச் சொல்லும் செய்தி) திணித்தேன். சோதித்தபோது எல்லாம் ஓடியது. பெரிய படம் வைத்த ஒரு பதிவைத் தொட்டதும் ஆப் படுத்துவிட்டது. இன்டென்ட்டில் வைப்பது, பிராசஸ்களுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கு) இடையே தகவலைக் கடத்தும் பைண்டர் வழியாகத்தான் போகிறது. ஒரு பிராசஸுக்கு அதில் இருக்கும் இடமே 1 எம்பிதான், அதையும் அந்த நேரத்தில் நடக்கும் மற்றப் பரிமாற்றங்களோடு பங்குபோட வேண்டும். போதாததற்கு, அந்தப் பக்கம் போய்ச் சேர்வது ஒரு நகல். அங்கே போன் நம்பரைத் திருத்திவிட்டுத் திரும்பினால் பட்டியலில் பழைய நம்பரே நிற்கும்.

ஆகவே ஐடியை, அதாவது அந்தப் பதிவின் அடையாள எண்ணை மட்டும் அனுப்புங்கள். விவரப் பக்கம் அதை வைத்து டேட்டாபேஸிலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும்.

ஐடியை இன்டென்ட்டில் வைக்கும் புட்எக்ஸ்ட்ராவில் கொடுக்கும் சாவிப் பெயரை இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக டைப் செய்யாதீர்கள். ஒரே கான்ஸ்டன்ட்டாக (மாறாத மதிப்பாக) வையுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் எர்ரர் வராது, அதை எடுக்கும் கெட்இன்ட்எக்ஸ்ட்ரா, சாவி கிடைக்காவிட்டால் தர நீங்கள் கொடுத்த டிஃபால்ட்டைச் சத்தமில்லாமல் திருப்பித் தரும். நான் ஐடிக்குப் பதிலாக வரிசை எண்ணை அனுப்பி, டிஃபால்ட்டாக 0 வைத்திருந்தேன். யாரைத் தொட்டாலும் முதல் ஆளே வந்து நின்றார்! அரை நாள் போனது. டிஃபால்ட் -1 ஆக இருக்கட்டும். -1 வந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். வரிசை எண்ணையும் அனுப்ப வேண்டாம், பட்டியலை வேறு மாதிரி அடுக்கினால் அது வேறு ஆளைக் காட்டும்.

வெப் ஆப்பில் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் அனுப்புகிறீர்களா? வருவதெல்லாம் எழுத்துச் சரம். 5 என்று அனுப்பியதை எண்ணாக மாற்றாமல், வகையையும் சேர்த்துப் பார்க்கும் மூன்று சமக்குறி (===) போட்டு எண் 5-உடன் ஒப்பிட்டால் பொருந்தாது. மதிப்புக்குள் & இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டுப்படும்; என்கோட் செய்து %26 ஆக அனுப்ப வேண்டும்.

அப்புறம், திரும்பி வரும் வழி. ஆப் செய்ய உதவும் இன்னொரு கருவியான ஃப்ளட்டரில், அடுத்த பக்கத்தைத் திறக்கும் நேவிகேட்டர் புஷ்ஷை அவெய்ட் செய்தால் (அது முடியும்வரை காத்திருந்தால்), அந்தப் பக்கம் மூடும்போது பாப்பில் கொடுப்பது கையில் கிடைக்கும். ஆனால் பயனர் வெறுமனே பேக் பட்டனை அழுத்தினால் வருவது நல் (null, வெற்று மதிப்பு). அதைப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.