புற்றுநோய் திரும்புகிறதா எனக் கண்காணிக்கும் கருவிகள்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை ஆண்டுக்கணக்கில் துரத்துவது ஒரே கேள்விதான்: திரும்ப வந்துவிடுமா? அதற்கு விடை சொல்லும் கருவியைச் செய்யக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் உணரியில்தான் தொடங்குகின்றன. எவ்வளவு நுண்ணிய அளவைப் பிடிக்கலாம், எவ்வளவு முன்னதாகப் பிடிக்கலாம் என்பதில் ஆர்வம் முழுவதும் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் எதிர்முனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். கருவி 'ஆம்' என்று சொன்ன மறுநாள் காலையில் யார், என்ன செய்யப் போகிறார்கள்? இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியாத குழு, சர்க்யூட் வரைபடத்தை இன்னும் திறக்கக் கூடாது.

இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனை. சினைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருந்த பெண்களின் ரத்தத்தில் சிஏ-125 என்ற குறிப்பான் (நோய் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அளக்கப்பட்டது. அளவு ஏறிய 529 பேரில் ஒரு பாதியினருக்கு உடனே சிகிச்சை. மறுபாதியினருக்கு அறிகுறி தெரிந்த பிறகு. முதல் பிரிவினர் ஏறக்குறைய ஐந்து மாதம் முன்பே கீமோதெரபியைத் தொடங்கினார்கள். ஆயுள் கூடவில்லை. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) முதல் பிரிவில் 25.7 மாதம், காத்திருந்த பிரிவில் 27.1 மாதம், அந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் வாழ்க்கைத் தரம் முதல் பிரிவினருக்குத்தான் சீக்கிரம் சரிந்தது. பரிசோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது தந்த செய்தியை வைத்துச் செய்வதற்கு அன்று பயனுள்ளதாக எதுவும் இல்லை.

பெருங்குடல் புற்றுநோயில் நிலைமை வேறு. கல்லீரலில் மட்டும் சிறியதாகத் திரும்பிய கட்டியைச் சிலருக்கு அறுத்தெடுக்க முடியும் என்பதால், முன்கூட்டித் தெரிவதற்கு அங்கே பொருள் உண்டு. இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு 2022இல் வெளியான டைனமிக் ஆய்வு. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கீமோதெரபி முடிவை எடுத்தார்கள். கீமோதெரபி பெற்றவர்களின் விகிதம் 28 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தது. இரண்டாண்டு வரை நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதமோ குறையவில்லை. அங்கே பரிசோதனை கேட்ட கேள்வி தெளிவானது: மருந்து கொடுப்பதா, வேண்டாமா?

அடுத்த தவறு கணக்கில். '90 விழுக்காடு கண்டுபிடிக்கும், 95 விழுக்காடு தவறாகச் சொல்லாது' என்றால் விற்பனைப் பிரிவு கைதட்டும். ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம், அந்தச் சுற்றில் 20 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 49 பேருக்கும் மணி அடிக்கும். ஆக, அடித்த 67 மணியில் 49 பொய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டாண்டு சோதித்தால், பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றே கொண்டாலும், நலமாக இருப்பவர்களில் மூன்றில் ஒருவர் ஒரு முறையாவது பொய்மணி கேட்டிருப்பார். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ஸ்கேனும், தூக்கம் கெட்ட சில வாரங்களும் உண்டு. ஆகவே எல்லைக்கோட்டைத் தாண்டியதா என்பதை ஒரே அளவீட்டில் முடிவு செய்யாதீர்கள். புராஸ்டேட் சுரப்பியை அகற்றியவர்களுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தக் குறிப்பான் மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டாலும் இரண்டாவது அளவீடு உறுதி செய்த பிறகே மீள்வு என்று கொள்வது வழக்கம். ஆனால் பிழைக்கான காரணம் உடலிலேயே தங்கியிருந்தால் மறுபரிசோதனையும் அதே பொய்யைச் சொல்லும். புகை பிடிப்பவர்களுக்கு, பெருங்குடல் புற்றுநோயில் பார்க்கப்படும் சிஇஏ என்ற குறிப்பான் இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும். பயோடின் என்ற வைட்டமின் மாத்திரை சில வகைப் பரிசோதனைகளைக் குலைக்கும்.

டி.என்.ஏ. அடிப்படையிலான கருவி என்றால் முதலில் எண்ண வேண்டியது மூலக்கூறுகளை. பத்து மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் நான்கு மில்லிலிட்டர் பிளாஸ்மா தேறும். அதில் 20 நானோகிராம் டி.என்.ஏ. கிடைத்தால் முழு மரபணுத் தொகுதியின் ஏறக்குறைய ஆறாயிரம் பிரதிகள். கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று என்றால், தேடும் ஒற்றை மரபணு மாற்றம் அந்தக் குழாயில் ஒரு முறைகூட இல்லாமல் போகலாம். இல்லாத மூலக்கூறை எந்த உணரியும் காணாது. பல இடங்களை ஒருசேரத் தேடும் முறைகள் வந்தது இதனால்தான். 16 மாற்றங்களைத் தேடினால் சுமார் பத்து மூலக்கூறுகள் கையில் சிக்க வாய்ப்புண்டு.

சாதாரணக் குழாயில் ரத்தத்தை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தால் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. கலந்து மொத்தத்தையும் நீர்க்கச் செய்துவிடும். முதுமையில் வெள்ளணுக்களிலேயே சேரும் மரபணு மாற்றங்களைக் கட்டியின் கைரேகை என்று எண்ணி ஏமாறுவதும் நடக்கும். அதே நபரின் வெள்ளணுக்களை ஒப்பிட்டால் தப்பலாம். அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே ரத்தம் எடுப்பதும் வீண், காயத்திலிருந்து வரும் டி.என்.ஏ. வெள்ளம் எல்லாவற்றையும் மறைக்கும். டைனமிக் ஆய்வில் நான்காம் வாரம் வரை பொறுத்திருந்தார்கள்.

கைரேகை என்றதும் நினைவுக்கு வருகிறது. கேபசிடபின் என்ற கீமோதெரபி மாத்திரையை உட்கொள்ளும் சிலருக்கு விரல் நுனித் தோல் உரிந்து ரேகையே மறைந்துவிடும். அவர்களுக்கான செயலியைக் கைரேகை வைத்துத் திறக்கச் சொல்வது எவ்வளவு பெரிய கேலி! ஆக்சாலிபிளாட்டின், பேக்லிடாக்சல் ஆகிய கீமோதெரபி மருந்துகளை எடுத்தவர்களுக்கு விரல்கள் மரத்துப்போவது சாதாரணம். சின்னப் பொத்தான்களும், திருகித் திறக்கும் மூடிகளும் அவர்களுக்குத் தண்டனை. மார்பகப் புற்றுநோயில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த கை வீங்கக்கூடும். இறுகப் பிடிக்கும் பட்டையை எந்தக் கையில் கட்டுவது என்று கருவி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தால் இவற்றில் ஒன்றும் தெரியவராது.

உணரி இல்லாமலே சாதித்தவர்களும் உண்டு. நுரையீரல் புற்றுநோய் நோயாளிகள் வாரந்தோறும் தங்கள் அறிகுறிகளை இணையப் படிவத்தில் நிரப்ப, மோசமானால் மருத்துவருக்குத் தகவல் போகும் முறையை பிரான்சில் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவில் இடைநிலை ஆயுள் 19 மாதம். வழக்கமான ஸ்கேன் முறையில் 12. கேள்விகளும் ஒரு மின்னஞ்சலும், அதைப் படித்து உடனே செயல்பட ஒரு மருத்துவரும் இருந்ததால் வந்த பலன். உங்கள் எச்சரிக்கை வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு நோயாளியின் கைப்பேசியில் மட்டும் ஒளிர்ந்தால், திங்கட்கிழமை வரை அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

வடிவமைப்பு ஆவணங்களில் ஏறக்குறைய எப்போதுமே விடுபட்டுப்போகும் ஒரு பக்கம் உண்டு. சிலர் கண்காணிப்பு போதும் என்று முடிவெடுப்பார்கள், சிலர் இறந்துவிடுவார்கள். 'அடுத்த பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது' என்ற செய்தி அதன் பிறகும் அந்த வீட்டுக்குப் போகாமல் நிறுத்துவது யார் பொறுப்பு, எந்தப் பொத்தானை அழுத்தி என்பதை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.