பழைய செவர்லே சி10-க்கு பவர் ஸ்டியரிங்: பம்ப், ஓஸ், பாக்ஸ் சோடி சேர்ப்பது எப்படி

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப், பின்சக்கர இழுவை, ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின், மேனுவல் ஸ்டியரிங். இந்த வண்டியைப் பவர் ஸ்டியரிங்குக்கு மாற்றும் வேலைதான் இங்கே. நான்கு சக்கர இழுவை கே10 வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதில் பாக்ஸ் (ஸ்டியரிங் தண்டின் சுழற்சியைச் சக்கரத் திருப்பமாக்கும் பற்சக்கரப் பெட்டி), பிட்மேன் ஆர்ம் (பாக்ஸின் வெளித்தண்டில் ஏறும் கை), இணைப்புத் தண்டு எல்லாமே வேறு.

இந்த வேலைக்குச் சாமான் கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆண்டுகள் தன் ஸ்டியரிங் பிரிவான சாகினாவின் பம்பையும் சாகினா 800 வரிசை பாக்ஸையும் தன் வண்டிகளில் போட்டது. பழைய இரும்புக் கடைகளில் தேடினால் அகப்படும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் உள்ளே மரை, பல், துளை எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும். 1971 பாக்ஸ், 1984 பம்ப், கடையில் கொடுத்த ஏதோ ஒரு ஓஸ் என்று சேர்த்தால் எங்கேயாவது இடிக்கும். அதனால் முதலில் பாக்ஸை முடிவு செய்யுங்கள். மற்றவற்றை அதற்கேற்ப வாங்குங்கள்.

1. பாக்ஸ்

அதே தலைமுறை சி10-இல் வந்த பவர் பாக்ஸ்தான் நல்லது. சாசியில் மூன்று போல்ட்டில் உட்காரும். போல்ட்டுகள் 7/16 அங்குலம், சுமார் 65 முதல் 70 அடி-பவுண்டு முறுக்கு போதும்.

பலர் கமாரோ ஐராக் போன்ற கார்களின் வேகமான 12.7:1 பாக்ஸைத் (உள்தண்டு 12.7 பங்கு திரும்பினால் வெளித்தண்டு ஒரு பங்கு திரும்பும்) தேடுகிறார்கள். மாட்டலாம், ஆனால் கார் பாக்ஸ்களில் சிலவற்றின் உள்ளே சுழற்சியைக் குறைக்கும் தடை உண்டு. சக்கரம் முழுதாகத் திரும்புவதற்கு முன்பே ஸ்டியரிங் நின்றுவிடும். முன்பு ஒரே மூச்சில் திரும்பிய தெருவில் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். பிக்கப்புக்கு 17.5:1 போதும் என்பது என் கட்சி.

வாங்கும்போது உள்தண்டைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் மட்டும் லேசாக இறுக வேண்டும், அதுதான் சரியான பாக்ஸ். வேறெங்காவது சிக்கினால் விட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஹெடர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் தனிக் குழாய்கள்) போட்ட வண்டியாக இருந்தால், மேனுவல் பாக்ஸைவிட இது பருமன் என்பதை மனதில் வைத்து இடைவெளியை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

2. ஸ்டியரிங் தண்டோடு சேரும் கப்பிளிங்

பாக்ஸின் உள்தண்டில் பல் வெட்டியிருக்கும். பழைய பவர் பாக்ஸ்களில் 13/16 அங்குலம், 36 பல். 1970-களின் பிற்பகுதியிலிருந்து 3/4 அங்குலம், 30 பல். வெர்னியரில் முதலாவது 20.6 மி.மீ., இரண்டாவது 19 மி.மீ. காட்டும்.

சிறிய கப்பிளிங் பெரிய தண்டில் ஏறாது, ஆபத்தும் இல்லை. பெரிய கப்பிளிங்கைச் சிறிய தண்டில் போட்டுப் பக்க போல்ட்டை இறுக்கினால்தான் ஆபத்து. இறுகியதுபோலவே தெரியும், கையால் ஆட்டினாலும் அசையாது. பல்லோடு பல் பொருந்தாமல் நிற்பதால் ஓட ஓட வழுக்கும். இரண்டையும் எண்ணாமல் மாட்டாதீர்கள்.

பவர் பாக்ஸ் நீளம் அதிகம். அதனால் மேனுவல் வண்டியின் ஸ்டியரிங் காலம் (வீலிலிருந்து வரும் தண்டும் அதைச் சுற்றிய குழாயும்) அப்படியே உட்காராது. பவர் வண்டியின் ஸ்டியரிங் காலத்தை வாங்குங்கள், அல்லது தண்டையும் வெளிக்குழாயையும் அளந்து சுருக்குங்கள். எந்த வழியில் போனாலும் ரப்பர் கப்பிளிங் தட்டையாக நிற்க வேண்டும். தண்டு அதை அமுக்கிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் பாக்ஸின் உள்ளே வால்வு வரை போகும், வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். சக்கர அலைன்மெண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து வீணாகச் செலவழிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

3. பிட்மேன் ஆர்ம்

மேனுவல் வண்டியின் ஆர்மைத் தூக்கி ஓரமாக வையுங்கள், பின்சக்கர இழுவைப் பவர் வண்டியின் ஆர்ம் வேண்டும். 800 வரிசையில் தண்டு 1-1/4 அங்குலம். நான்கு இடத்தில் பல் அகலமாக இருக்கும், ஆர்மும் அந்த நான்கு நிலையில் மட்டுமே ஏறும். கழற்ற புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டும். சுத்தியல் அடி நேராக பாக்ஸின் உள்ளே பேரிங்குக்கும் பால் நட்டுக்கும் (இரும்புக் குண்டுகள் ஓடும் நட்) போகும். நட்டின் முறுக்கு அளவை உங்கள் ஆண்டு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தே வையுங்கள்.

மாட்டுமுன் பாக்ஸை நடுவில் நிறுத்துங்கள். கோடி முதல் கோடி வரை சுற்றுகளை எண்ணி, அதில் பாதி திரும்பி வாருங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸ் நடுவில் இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் முன்சக்கரங்களை இணைக்கும் டை ராட் குழாய்களைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். வீலைக் கழற்றி வேறு பல்லில் போடுவது நோயை மறைப்பது.

4. பம்ப், புல்லி, பிராக்கெட்

மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும்.

வாட்டர் பம்ப் குட்டையா நீளமா? இந்தத் தலைமுறைப் பிக்கப்புகளில் குட்டை, 1973 முதல் நீளம். இரண்டுக்கும் பெல்ட் ஓடும் தளம் வேறு. குட்டை வாட்டர் பம்புக்கு நீள பம்பின் பிராக்கெட்டை வாங்கினால் புல்லி ஒரு அங்குலத்துக்கு மேல் முன்னால் நிற்கும்.

சிலிண்டர் ஹெட்டின் முனையில் போல்ட் துளை உண்டா? 1969-க்கு முந்திய ஸ்மால் பிளாக் ஹெட்டுகளில் அந்தத் துளைகள் இல்லை. அவற்றுக்கு பிளாக்கிலும் வாட்டர் பம்பிலும் பிடிக்கும் பிராக்கெட் வேண்டும்.

பம்பின் தண்டு எந்த வகை? பழையதில் கீ வைத்து நட் போடுவது, பிந்தியதில் அழுத்தி ஏற்றுவது. அழுத்தும் வகையில் தண்டின் நடுவில் 3/8-16 மரை (3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை) இருக்கும், அதற்கான கருவியால் இழுத்து ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் தண்டு உள்ளே வேன்கள் (ஆயிலைத் தள்ளும் சிறு தகடுகள்) இருக்கும் ரோட்டர் பக்கம் போய் முட்டும். புதுப் பம்ப் முதல் நாளே கத்தும்.

கடைசியாக, கிராங்க் புல்லிமேல் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். 1/16 அங்குலத்துக்கு மேல் விலகினால் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள்.

5. ஓஸ்: இங்கேதான் பாக்ஸ் கெடுகிறது

இதை நிதானமாகப் படியுங்கள்.

பழைய சாகினா பாக்ஸில் இரண்டு துளைகள். ஒன்று 5/8-18, மற்றது 11/16-18. உள்ளே கூம்பு வடிவ சீட் இருக்கும், ஓஸ் குழாயின் விரிந்த முனை அதில் போய் அமரும். 1980 வாக்கில் இவை மெட்ரிக் ஆயின: 16 மி.மீ., 18 மி.மீ., இரண்டுக்கும் மரை இடைவெளி 1.5 மி.மீ. அதில் சீட் கிடையாது, ஓ-ரிங்தான் அடைக்கும். பம்பிலும் இதே கதைதான். பழையதின் பிரஷர் துளை 5/8-18, புதியது 16 மி.மீ. ஓ-ரிங்.

5/8 அங்குலம் என்றால் 15.88 மி.மீ. பதினாறு மில்லிமீட்டருக்கும் அதற்கும் இடையில் முடியளவுதான் வித்தியாசம். வெர்னியர் வைத்தாலும் தேய்ந்த மரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். பழைய மரை, அழுக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்து ஸ்பேனர் போடுவோம். அங்கே முடிந்தது. 18 மரைக்கு ஓர் அங்குலம் என்றால் இடைவெளி 1.41 மி.மீ.; மற்றது 1.5. நான்கைந்து சுற்றுக்குள் மரையின் முகடு மரையின் முகட்டிலேயே ஏறி பாக்ஸின் வார்ப்பிரும்பைச் சுரண்டிவிடும்.

இதற்கு மருந்து, சில நூறு ரூபாய்க்கு வரும் மரை கேஜ். 18 என்று போட்ட தகடு ஒளிக்கு எதிரே பிடித்தால் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் 1.5 தகடு. இன்னொரு சோதனை, துளைக்குள் டார்ச் அடிப்பது. கூம்பு தெரிந்தால் பழைய வகை, வெறும் வழவழப்பான ஓட்டை தெரிந்தால் ஓ-ரிங் வகை. கையால் மூன்று சுற்றாவது தடையின்றிப் போகாத எதையும் ஸ்பேனரால் தொடாதீர்கள்.

பம்ப் புதியது, பாக்ஸ் பழையது என்றால் ஒரு முனை ஓ-ரிங், மறுமுனை விரிந்த குழாய் என்று ஓஸ் வேண்டும். எல்எஸ் (ஜெனரல் மோட்டார்ஸின் பிந்திய வி8) இன்ஜின் போட்ட வண்டிகளில் பெரும்பாலும் இதே நிலைமை. அடாப்டர்மேல் அடாப்டர் போட்டு அடுக்குவதைவிட ஹைட்ராலிக் ஓஸ் கடையில் இரண்டு முனையையும் கொடுத்துப் புதிதாக அழுத்தி வாங்கிவிடுவேன். ஒவ்வொரு அடாப்டரும் கசிய இன்னொரு இடம். அடாப்டர்தான் என்றால் ஏஎன் 6 அளவில் (3/8 அங்குலக் குழாய்க்கான தர அளவு) உள்ளே டெஃப்ளான் பூசிய ஓஸ் வாங்குங்கள், உள்ளே வெறும் ரப்பர் உள்ள ஓஸ் சூட்டில் வியர்க்கும்.

திரும்பும் ஓஸ் அழுத்தம் இல்லாதது என்பதற்காக பெட்ரோல் ஓஸை வெட்டிப் போடாதீர்கள். எஸ்ஏஇ ஜே189 என்று தர எண் அச்சிட்ட பவர் ஸ்டியரிங் ஓஸ் தனியாக விற்கிறது. அதே இடத்தில் காந்தம் உள்ள சின்ன பில்டர் ஒன்றையும் நுழைத்துவிடுங்கள். பழைய பாக்ஸின் துகள் புதுப் பம்புக்குப் போகாது.

6. ஓட்டமும் அழுத்தமும்

எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆனால் ஸ்டியரிங் விரலால் தொட்டாலே பறக்கிறது, அல்லது நிறுத்தும்போது நடுவில் கல்லாகிறது. இரண்டும் பம்புக்கும் பாக்ஸுக்கும் பொருத்தமின்மை.

அழுத்தம் எவ்வளவு பாரம் தள்ளலாம் என்பதைத் தீர்மானிக்கும். ஆயிலின் ஓட்டம் எவ்வளவு வேகமாகத் தள்ளும் என்பதை. ஓட்டத்தை அளப்பது பம்பின் பின்னால் பிரஷர் ஓஸ் மாட்டும் பெரிய பிட்டிங்கின் நடுத்துளை. துளை பெரிதானால் பாக்ஸுக்கு ஆயில் அதிகம், கை லேசு. சிறிதானால் உள்ளே இருக்கும் வால்வு மீதியைப் பம்புக்கே திருப்பிவிடும், கை கனக்கும். அதிகம் குறைத்தால் ஐட்லிங்கில் வேகமாகத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். ஆகவே பழைய பம்பைக் கழித்துக் கட்டும்போது அந்தப் பிட்டிங்கை எறியாதீர்கள்.

பிட்டிங்கைக் கழற்றும்போது உள்ளிருந்து வால்வும் ஸ்பிரிங்கும் துள்ளி வரும். எந்தப் பக்கம் உள்ளே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்துக்கு அந்த வால்வின் முனையில் ஒரு சின்ன நட், அதன் அடியில் ஷிம் (மெல்லிய வாஷர்). ஷிம் கூட்டினால் அழுத்தம் குறையும், எடுத்தால் கூடும். தலைகீழாகத் தோன்றும். ஷிம் இருந்தால் நட் அவ்வளவு ஆழம் போகாது, ஸ்பிரிங் தளரும், அதனால்தான். பாக்ஸ் வைத்த சி10-இல் இதைத் தொடவே தேவையில்லை. மஸ்டாங் 2 வகை ரேக் (பாக்ஸுக்குப் பதில் வரும் பல் வெட்டிய நேர்ச்சட்டம்) போட்ட பிக்கப்பில் சாகினா பம்பை வைத்தவர்களுக்குத்தான் இது. அந்த ரேக் கேட்பது நிமிடத்துக்குச் சுமார் 2 கேலன் ஓட்டம், பம்ப் கொடுப்பது அதைவிட அதிகம். அங்கே முதலில் ஓட்டத்தைக் குறையுங்கள், அழுத்தம் அப்புறம்.

7. ஆயில் ஊற்றிக் காற்றெடுப்பது

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை ஓட்டாமல் ஆயில் ஊற்றி, கோடி முதல் கோடி வரை இருபது முறையாவது மெதுவாகத் திருப்புங்கள். மட்டம் இறங்கும், நிரப்புங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட். ஓடும்போது கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் முழு அழுத்தத்தில் தன்னையே சுட்டுக்கொள்ளும். ஆயில் பால்போல் நுரைத்தால் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு ஓட்டினால் அந்த நுரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

முனகல் என்றால் காற்று. கீச்சென்றால் பெல்ட்.

பின்சேர்க்கை

ஓ-ரிங் ஓஸை இறுக்கிய பிறகும் குழாய் கையால் அசைகிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்த வகை அப்படித்தான். அடைப்பது ஓ-ரிங், நட் அதைப் பிடித்துவைக்க மட்டும். இன்னும் இறுக்கினால் நட் வெடிக்கும்.

பம்பின் பின்பக்கம் கசிந்தால் உடனே பம்பை மாற்ற வேண்டாம். டேங்க் பம்பைச் சுற்றி மூடியிருப்பதால் பின்னால் இருக்கும் ஸ்டட், பிட்டிங் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஓ-ரிங் உண்டு. சீல் கிட் போதும்.

பிந்திய பிக்கப்புகளின் பம்பில் பிட்டிங்கின்மேல் மின்கம்பி பிளக் இருந்தால் அது வேகத்துக்கேற்ப ஓட்டத்தை மாற்றும் வகை. கம்பியைக் கழற்றி விட்டுவிடாமல் சாதாரணப் பிட்டிங்காக மாற்றுங்கள்.

ஹைட்ரோபூஸ்ட் பிரேக் (பவர் ஸ்டியரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தால் மிதியை லேசாக்கும் வகை) சேர்த்தால் பம்பிலிருந்து முதலில் பூஸ்டர், அங்கிருந்து பாக்ஸ். பூஸ்டருக்கும் தனித் திரும்பும் ஓஸ் உண்டு, ஆகையால் டேங்கில் இரண்டு திரும்பும் குழாய் உள்ள பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.