ஆடுனது பூமியா, குவாரி வெடியா? வீட்லருந்தே கண்டுபிடிக்கறது எப்படி

சேலத்துல தரை லேசா ஆடுனா மொதல்ல வர்ற பேச்சே "எங்கயோ குவாரியில வெடி வெச்சிருப்பாங்க"ங்கறதுதான். பாதி நேரம் அது சரியாவும் இருக்கும். ஆனா 2018 ஜூலை 22 ஞாயித்துக்கிழமை காலையில வந்தது நெசமாவே நிலநடுக்கம், 3.3 அளவு. அன்னிக்கும் வெடின்னு சொன்னவங்க உண்டு.

அடுத்த தடவ ஆடுச்சுன்னா வாட்ஸ்அப்ப தொறக்கறதுக்கு முன்னாடி மணிய பாருங்க, செகண்டோட குறிச்சு வெய்ங்க. சயின்டிஸ்டுங்க பொழப்பே அந்த செகண்டுலதான் ஓடுது. நிலம் அதிர்ந்தா அங்கருந்து ரெண்டு வகை அலை கெளம்பும். நம்மூரு மாதிரி கெட்டிப் பாறையில மொத அலை செகண்டுக்கு சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், ரெண்டாவது அலை மூன்றரைதான், ஆனா குலுக்கறது அதுதான் அதிகம். மின்னல் வெட்டுனப்புறம் இடி எப்ப வருதுன்னு எண்ணுவோம்ல, அதே கணக்கு. ரெண்டுக்கும் நடுவுல எத்தன செகண்டோ அத 8-ஆல பெருக்குனா தோராயமா தூரம் வந்துரும், 5 செகண்டுன்னா 40 கிலோமீட்டர். எந்தத் திசைன்னு அதுல தெரியாது, அதனால அதிர்வ அளக்கற கருவி வெச்சிருக்கற மூணு ஸ்டேஷன்லருந்து மேப்புல வட்டம் போட்டு எங்க வெட்டிக்குதுன்னு பாப்பாங்க.

வெடின்னா எப்படித் தெரியும்? வெடி எல்லாப் பக்கமும் வெளிய தள்ளும், அதனால எல்லா ஸ்டேஷன்லயும் கருவி வரையற கோடு மொதல்ல மேல போகும். நிலநடுக்கத்துல பாறை ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குது, சில எடத்துல மேல, சில எடத்துல கீழன்னு கலந்து வரும். வெடியில ரெண்டாவது அலையும் சோப்ளாங்கியாதான் இருக்கும். நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஆடுனா குவாரிக்காரர திட்டாதீங்க, பாவம்.

போன்லயே பாக்கணும்னா ஃபைஃபாக்ஸ்னு (phyphox) ஒரு ஃப்ரீ ஆப் இருக்கு, அதுல அசைவ அளக்கற ஆக்சிலரோமீட்டர போட்டு போன தரையில மல்லாக்க வெய்ங்க, கட்டில் மேலயோ டேபிள் மேலயோ வேணாம். பக்கத்துல பொடுசு ஒண்ண குதிக்கச் சொல்லுங்க, கோடு எகிறும். ஆனா சின்ன நடுக்கமெல்லாம் இதுல சிக்காது, தெருவுல லாரி போனாலே கெடுத்துரும், அதுக்குத்தான் நெசமான கருவிய ரோட்ட விட்டு தள்ளி பாறை மேல பதிக்கறாங்க. தேசிய நிலநடுக்கவியல் மையத்தோட பூகம்ப் ஆப்புல நீங்க குறிச்ச நேரத்த ஒத்துப் பாருங்க.

ஏற்காட்டுப் பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு நான் இதவிட முக்கியமா நெனைக்கறது சுவத்து விரிசல். மழ பேஞ்சு மண்ணு நனஞ்சு சரிவு மெதுவா நகர்றது எந்த ஆப்புலயும் வராது. விரிசலுக்கு ஒரு பக்கம் ரெண்டு ஆணி, மறுபக்கம் ஒரு ஆணி, முக்கோணமா அடிங்க. வாராவாரம் காலையில ஒரே நேரத்துல, வெயில் ஏர்றதுக்குள்ள, ஸ்டீல் ஸ்கேல் வெச்சு மூணு அளவும் எடுத்து தேதியோட பழைய காலண்டர் பின்னாடி எழுதுங்க. ரெண்டு ஆணி இருக்கற பக்கத்து அளவு மாறவே கூடாது, மாறுனா நீங்க அளந்ததுதான் தப்பு. மத்த ரெண்டும் ஒண்ணா கூடுனா விரிசல் அகலுது, ஒண்ணு கூடி ஒண்ணு கொறஞ்சா சுவரு பக்கவாட்டுல நழுவுது. ஐப்பசி மழையில ஒரே வாரத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஏறுச்சுன்னா மறுவாரம் வரைக்கும் அளந்துட்டு இருக்காதீங்க, அன்னிக்கே எறங்கி சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு அங்கருந்து இன்ஜினியருக்கு போன் போடுங்க.