சிறு விலங்குக் கூட்டத்தைக் காக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அருகிவரும் விலங்கினத்தைக் காக்க இறங்குகிறவர்கள் முதலில் கணக்கெடுப்பார்கள். அந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுவது முதல் தவறு. நூறு விலங்குகள் இருந்தும் ஏழெட்டு மட்டுமே குட்டி போடுகின்றன என்றால், மரபணுக் கணக்கில் அது மிகச் சிறிய கூட்டம். சில தலைமுறைகளில் எல்லாமே ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமாகிவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும்போது, அதுவரை மறைந்திருந்த குறை வெளிப்படும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா பூமாக்களிடம் (பூனைக் குடும்பத்துப் பெரிய வேட்டை விலங்குகள்) இது கண்கூடாகத் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் 20 முதல் 30 வரைதான் மிஞ்சியிருந்தன. பலவற்றின் வால் நுனிப்பக்கம் ஒடிந்ததுபோல் மடங்கியிருந்தது. முதுகின் நடுவே ரோமம் சுழித்து நின்றது (சுழி பார்த்து மாடு வாங்குகிறவர்கள் கவனிக்க). உள்ளே நிலைமை இன்னும் மோசம்: சிலவற்றுக்கு இதயச் சுவரில் ஓட்டை, ஆண்களில் பலவற்றுக்கு விரை இறங்கவே இல்லை, விந்தணுக்களில் பெரும்பாலானவை உருக்குலைந்தவை.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: ‘தூய இனம்’ என்ற பிடிவாதம். வெளியூர்ப் பூமாவைச் சேர்த்தால் இது ஃபுளோரிடா பூமாவாகவே இருக்காதே என்ற தயக்கம் அங்கும் இருந்தது. ஆனால் டெக்சாஸ் பூமாக்களும் இவையும் ஒரு காலத்தில் இயல்பாகக் கலந்து வாழ்ந்தவைதாம். இடையில் இருந்தவற்றை மனிதர்கள் அழித்ததால் தொடர்பு அறுந்தது. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐந்துதான் குட்டி ஈன்றன. அதுவே போதுமானதாக இருந்தது. கலப்பில் பிறந்தவை அதிகம் பிழைத்தன, வால் மடிப்பு குறைந்தது, எண்ணிக்கை 120-230 என்ற மதிப்பீட்டுக்கு உயர்ந்தது. நெடுஞ்சாலையில் வாகனம் மோதிச் சாவதை மட்டும் எந்த மரபணுவாலும் தடுக்க முடியவில்லை.

அதற்காக எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று நினைப்பதும் ஆபத்து. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலையில் ஐபெக்ஸ் காட்டாடுகளோடு துருக்கி, சினாய் பகுதிகளின் வேற்றினக் காட்டாடுகளைச் சேர்த்தார்கள். கலப்பு ஆடுகள் வழக்கமான இணைசேரும் காலத்துக்கு முன்பே இணைசேர்ந்தன. குட்டிகள் பிப்ரவரிக் கடுங்குளிரில் பிறந்தன. கூட்டமே அழிந்தது.

ஒரு முறை புது ரத்தம் வந்தால் காலத்துக்கும் போதும் என்பது இன்னொரு தப்புக்கணக்கு. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் சொந்தத்துக்குள்ளேயே பெருகிவந்த ஓநாய்களோடு, 1997இல் உறைபனி மேல் நடந்து ஓர் ஆண் ஓநாய் வந்து சேர்ந்தது. வாட்டசாட்டமான அது ஏராளமான குட்டிகளுக்குத் தகப்பனாயிற்று. பத்தாண்டுகளில் தீவு முழுக்க அதன் வம்சம்; மறுபடியும் சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கை. 2016இல் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. 2018இலும் 2019இலும் 19 ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். இம்முறை ஒரே இடத்திலிருந்து பிடிக்கவில்லை; மினசோட்டா, மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ எனப் பல இடங்களிலிருந்து பிடித்தார்கள்.