லாம்டா வைரஸின் முடிவை 0, 1-இல் எழுதிப் பார்ப்போம்

ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் நுழைந்த லாம்டா ஃபேஜ் வைரஸ், ஒன்று பெருகி பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இல்லை, அதன் டிஎன்ஏவோடு சேர்ந்து சத்தமில்லாமல் கிடக்கும். இந்த முடிவின் நடுவில் இருப்பவை சிஐ, க்ரோ என்ற இரண்டு மரபணுக்கள். ஒன்றின் புரதம் மற்றதை அடக்கும். பெல்ஜிய உயிரியலாளர் ரெனே தாமஸ் 1973-இல் மரபணுக்களை ‘உண்டு, இல்லை’ என்று தர்க்கமாக எழுதிக் காட்டிய அதே வழியில்தான் நாமும் போகப்போகிறோம்.

முதலில் விதிகள். மரபணு வேலை செய்தால் 1, அடங்கிக் கிடந்தால் 0. க்ரோ 0 என்றால் சிஐ 1 ஆகும், இல்லாவிட்டால் 0 ஆகும். சிஐ 0 என்றால் க்ரோ 1 ஆகும், இல்லாவிட்டால் 0 ஆகும். முதல் எண் சிஐ, அடுத்தது க்ரோ என்று வைத்து 00, 01, 10, 11 நான்கையும் தாளில் எழுதி, எதிலிருந்து எதற்குப் போகும் என்று அம்புக்குறி போடுங்கள். 10 என்றால் உறக்கம், 01 என்றால் உடைப்பு.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். இரண்டு மரபணுவையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். 00 என்பது 11 ஆனது, 11 திரும்பவும் 00 ஆனது, முடிவே இல்லாத சுழற்சி. விதியில் தப்பு என்று நினைத்து விதியையே திருத்திக்கொண்டிருந்தேன். விதி சரிதான். செல்லுக்குள் இரண்டு மரபணுவும் ஒரே கடிகாரத்துக்கு மாறுவதில்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: 00-இலிருந்து 10-க்கோ 01-க்கோ போய் நின்றுவிடும். சுழற்சி காணாமல் போகும்.

அப்புறம் கருவி. படம் வரைய ஜின்சிம் (GINsim) என்ற மென்பொருள் போதும், இலவசம். சரிபார்க்க நியூஎஸ்எம்வி (NuSMV): விதிகளைக் கோப்பாக எழுதிக் கொடுத்தால், நாம் கேட்பது உண்மையா பொய்யா என்று சொல்லும். அந்தக் கோப்பை மட்டும் கையாலேயே எழுதுங்கள் என்பேன். ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் புரியும். ‘முறை’ என்று ஒரு மாறி வைத்து, இந்தத் தடவை மாறப்போவது எந்த மரபணு என்பதை அது தேர்ந்தெடுக்கட்டும். விதிகளில் அதன் அடுத்த மதிப்பை, அதாவது next(முறை)-ஐ, பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் 00-இலேயே முறை முடிவாகி ஒரு வழி அடைபட்டுவிடும். பிறகு சிடிஎல்லில் (CTL, ‘எப்போதாவது’, ‘எப்போதும்’ என்று கேள்வி எழுதும் தர்க்க மொழி) கேளுங்கள்: 00-இலிருந்து இரண்டு முடிவுக்கும் வழி உண்டா? 10-க்கு வந்தால் அங்கேயே நிற்குமா? இரண்டுக்கும் ‘உண்மை’ என்று பதில் வரும்.

பின்சேர்க்கை: புற ஊதா ஒளி பட்டால் உறங்கும் வைரஸ் விழிக்குமே, அதை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒளியால் டிஎன்ஏ சிதையும்போது ரெக்ஏ புரதம் செயல்பட்டு சிஐ புரதத்தை வெட்டுப்பட வைக்கும். அதனால் சிஐ 1 ஆக, க்ரோவும் ரெக்ஏவும் 0 ஆக இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினேன். ரெக்ஏ 1-இலேயே இருந்தால் கட்டாயம் 01 வருமா என்று கேட்டேன். ‘பொய்’ என்றது. அது காட்டிய எதிர் உதாரணத்தைப் பார்த்தால், ‘முறை’ ஒவ்வொரு தடவையும் க்ரோவையே தேர்ந்தெடுத்து 10-இலேயே நிற்கிறது! சிஐக்கு வாய்ப்பே வரவில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் முறை திரும்பத் திரும்ப வந்தே ஆக வேண்டும் என்று ஆளுக்கொரு ஃபேர்னஸ் (FAIRNESS) வரி சேர்த்ததும் ‘உண்மை’ வந்தது. சேர்த்த பிறகு பழைய கேள்விகளையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் அந்த வரிகள் எல்லாக் கேள்விகளையும் கட்டுப்படுத்தும். பழைய கேள்விகள் இரண்டிலும் ரெக்ஏ 0-இலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.